ஸ்டெல்லாவின் பொட்டி ஸ்டவ்

1

எங்கள் ஊர் ஸ்கெலட்டன் லைன் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்குச் சீமை அனுபவம் ஏதாவது எழுதி அனுப்பு என்று என் தம்பி அந்தோணி கடிதம் போட்டிருந்தான். பனி எப்படிப் பெய்கிறது, ரயில் எப்படி ஓடுகிறது, வெள்ளைக்காரி எப்படிச் சமைக்கிறாள், இதெல்லாம் கோலார் தங்கவயல் ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமாம். பனி வெள்ளையாகப் பெய்கிறது, மறுநாள் சேறாகிறது. ரயில் நம்ம மாரிக்குப்பம் ரயில் மாதிரிதான், நேரத்துக்கு வராது. வெள்ளைக்காரி உருளைக்கிழங்கு அவிக்கிறாள். இவ்வளவுதான் விஷயம். நான் எழுத நினைப்பது வேறு. ஒரு ஸ்டவ்வைப் பற்றியும், செத்துப்போன ஒருத்தியின்மேல் பதினாலு வருஷமாக எனக்கு இருக்கிற பொறாமையைப் பற்றியும்.

இந்த வருஷம் பிப்ரவரி மாசம் கிரேஸ் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ஃபாரம் கொண்டுவந்தாள். ஈஸ்டர் லீவில் பெண்பிள்ளைகளை வேல்ஸ் மலைக்குக் கூட்டிப்போய் நாலு நாள் கூடாரத்தில் தங்க வைக்கப்போகிறார்களாம். வீட்டில் கட்டில், கூரை எல்லாம் இருக்கும்போது எதற்கு மழையில் போய்ப் படுக்க வேண்டும் என்று கேட்டால் இந்த ஊரில் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான் கேட்கவில்லை. ஃபாரத்தை வாங்கிப் பார்த்தேன். 'தாயின் பெயர்' என்ற கட்டத்தில் கிரேஸ் தன் கையாலேயே 'ஸ்டெல்லா சாமுவேல்' என்று எழுதி, பக்கத்தில் சின்ன எழுத்தில் 'காலமானார்' என்று போட்டிருந்தாள். கீழே 'பாதுகாவலர்' என்று இன்னொரு கட்டம். அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

"இங்க சைன் பண்ணுங்க சின்னம்மா" என்றாள்.

பண்ணினேன். அவள் எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை, சட்டப்படி எல்லாம் சரி. ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. இவள் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தபோது மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது எந்தக் கட்டத்தில் வருகிறது என்று கேட்கத் தோன்றியது. ஃபாரத்தின் பின்பக்கம், கொண்டுவர வேண்டிய சாமான் பட்டியல் இருந்தது. யார் வீட்டிலாவது பயண ஸ்டவ் இருந்தால் எடுத்து வரலாம் என்று போட்டிருந்தார்கள்.

"அம்மாவோட ஸ்டவ் இருக்குதில்ல? அத்த எடுத்துக்கினு போறேன்" என்றாள் கிரேஸ்.

அம்மாவோட ஸ்டவ். போதாக்குறைக்கு அதுவும்.

2

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் மேரி, மைசூர் மைன்ஸில் பிறந்தவள். ஸ்கெலட்டன் லைன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் இருந்த, சுரங்கத்துக்குள் மரமுட்டுக் கொடுக்கிற டிம்பர்மேன் சாமுவேலுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள். அவர் வேறு சபை, நாங்கள் கத்தோலிக்கக் கோயில். முதல் தாரமாக இருந்தால் இரண்டு பக்கமும் குதித்திருப்பார்கள், இரண்டாம் தாரம் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் வரும்போது கிரேஸுக்கு இரண்டரை வயசு. பெற்றவள் ஸ்டெல்லா போனபோது அவளுக்கு ஒரு வயசும் ஏழு மாசமும். எனக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. கிரேஸ்தான் எனக்கு எல்லாம்.

மைன்ஸைச் சர்க்கார் எடுத்துக்கொண்ட சமயம், துரைமார்கள் மூட்டை கட்டினார்கள். பங்களா பங்களாவாகச் சாமான் விற்றார்கள். யாரோ கிராமபோன் வாங்கினார்கள், யாரோ நாற்காலி வாங்கினார்கள். ஒரு துரைசானிக்குத் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா, ஒரு ஸ்டவ்வோடு வீட்டுக்கு வந்தாளாம். நம்ம வீடுகளில் இருக்கிற மூணு கால் பித்தளை ஸ்டவ் இல்லை. புத்தகம் மாதிரி மூடுகிற ஒரு தகரப் பெட்டி. திறந்தால் உள்ளேயே டாங்க், பம்பு, பர்னர் எல்லாம் அடங்கியிருக்கும். துரை வேட்டைக்குப் போகும்போது ஜீப்பில் போட்டுக்கொள்வாராம். லைன் முழுக்க அதற்குப் பேர் பொட்டி ஸ்டவ்.

அதில் கிருஷ்ணாயில் ஊற்றினாலும் எரியும், பெட்ரோல் ஊற்றினாலும் எரியும். ஆனால் எண்ணெய்க்குத் தகுந்த மாதிரி நிப்பிளை மாற்ற வேண்டும். பர்னர் நடுவில் திருகி வைக்கிற பித்தளைத் துண்டுதான் நிப்பிள், ஒரு சோளமணி அளவு இருக்கும். அதன் ஊசித்துளை வழியாகத்தான் எண்ணெய் ஆவியாகிப் பீய்ச்சி அடிக்கும். பெட்ரோல் நிப்பிளுக்குத் துளை பெரிசு, கிருஷ்ணாயில் நிப்பிளுக்குச் சின்னது. இரண்டும் ஸ்டவ்வோடுகூட ஒரு துணிப்பையில் வந்திருந்தன. அவர் அந்தப் பையை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

ஸ்டெல்லா அந்த ஸ்டவ்வை ஒரே குச்சியில் பற்ற வைப்பாள் என்று எல்லாரும் சொன்னார்கள். கல்யாணமாகி நான் வந்து இறங்கிய அன்றைக்கே சொன்னார்கள். தண்ணீர்க் குழாயடியில் சொன்னார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானும் கற்றுக்கொண்டேன். பர்னருக்குக் கீழே இருக்கிற கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தி, அது அணையப்போகிற நேரம் பார்த்துப் பம்பு அடிக்க வேண்டும். முந்தினால் பச்சை எண்ணெய் கக்கும், பிந்தினால் இன்னொரு குச்சி. நான் அதோடு பேசுவேன். "வாடி ராசாத்தி, மூஞ்சக் காட்டு" என்பேன். நீலமாகக் குப்பென்று வரும். பக்கத்தில் மணைப்பலகையில் கிரேஸ் உட்கார்ந்து கை தட்டுவாள்.

ஆறின பிறகு பர்னர் ஓரத்துக் கரியை மோதிரவிரலில் தொட்டு, அவள் இடது காதுக்குக் கீழே ஒரு பொட்டு வைப்பேன். செக்கச்செவேலென்று இருந்த குழந்தை, கண் பட்டுவிடக் கூடாதே. எங்கள் கோயில்காரர்கள் இதையெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்கள். அவருடைய சபையில் பொட்டும் ஆகாது, பூவும் ஆகாது, ஸ்டெல்லா தொட்டதே இல்லை. ஷிப்டு முடிந்து வந்தால் அவர் முதல் வேலையாகத் துண்டை நனைத்து அதைத் துடைத்துவிடுவார். மறுநாள் நான் வைப்பேன்.

அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு லைன் பெண்கள் எல்லாரும் சேர்ந்து எங்கள் வாசலில் கல்கல் பலகாரம் சுட்டோம். பத்துப் பேர் பார்க்கப் பொட்டி ஸ்டவ்வைத் திறந்து, ஒரே குச்சியில் பற்ற வைத்தேன். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த வீட்டு பிலோமினாக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "பாத்தீங்களாடி? ஸ்டெல்லா கைராசி இன்னும் அந்த ஸ்டவ்வுல கீது!"

பிலோமினாக்கா, இது உங்கள் காதுக்கு வரும் என்று தெரியும். நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குப் பற்றாமல் போயிருந்தால்கூட வயிறு அவ்வளவு எரிந்திருக்காது. பழகினது நான், விரல் சுட்டுக்கொண்டது நான், ராசி மட்டும் அவளுடையது. அன்றைக்கு முழுக்க சிரித்த முகமாகக் கல்கல் சுட்டேன். மறுநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது கிருஷ்ணாயில் நிப்பிளைக் கழற்றி எடுத்துவிட்டு, பெட்ரோல் நிப்பிளைத் திருகி வைத்தேன். டாங்கில் கிருஷ்ணாயில் அப்படியே இருந்தது.

அப்புறம் அது எப்படி எரியும்? மஞ்சளாக எழும்பிப் புகை கக்கியது. அவர் இரண்டு நாள் மல்லுக்கட்டினார். பின் போட்டுக் குத்தினார், வாஷரை மாற்றினார், ஆண்டர்சன்பேட்டைக்குக் கொண்டுபோய் ஸ்டவ் ரிப்பேர்க்காரனிடமும் காட்டினார். கடைசியில் பெட்டியை மூடி வைத்துவிட்டு, கண் கலங்க, "அவளோடயே போச்சு" என்றார்.

வேறு யாராவது இதைவிட முட்டாள்தனம் பண்ணியிருக்கிறார்களா சொல்லுங்கள். ஸ்டெல்லாவைச் சின்னவளாக்கப் போய், நானே அவளைப் பெரியவளாக்கிவிட்டேன்.

3

இங்கே வருவதற்கான காகிதங்கள் மெட்ராஸில் நடந்தன. ஒரு ஆபீஸில் கிரேஸுக்கு நான் என்ன உறவு என்ற இடத்தில் 'தாய்' என்று எழுதியிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'மாற்றாந்தாய்' என்று எழுதி, என்னைப் பார்க்காமலே அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கப்பலில் வந்தபோதும் அந்தச் சிவப்புக் கோடு மனசிலேயே இருந்தது.

டிரங்குப் பெட்டியில் பொட்டி ஸ்டவ்வும் வந்தது. எரியாத சாமானை எதற்கு ஏழு கடல் தாண்டிக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன். "கொயந்தைக்கு அவ அம்மா ஞாபகமா இருக்கட்டும்" என்றார் அவர். நிப்பிளும் கூடவே வந்தது, அது அவருக்குத் தெரியாது. என் ஜெபமாலை வைக்கிற சின்னத் தகர டப்பியில், மணிகளுக்கு அடியில் அது கிடந்தது. பதினாலு வருஷம் தினமும் ஜெபமாலையை எடுக்கும்போது விரலில் படும். தூக்கி எறியவும் மனசு வரவில்லை, திருப்பி வைக்கவும் மனசு வரவில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை. சாமியாரிடம் எப்படி ஆரம்பிப்பது, நிப்பிள் என்றால் என்னவென்றே அவருக்கு முதலில் விளக்க வேண்டும்.

பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் குடியேறினோம். அவருக்கு வார்ப்பட ஃபவுண்டரியில் வேலை, எனக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில். ஆறு வயசில் வந்த கிரேஸ் ஆறே மாசத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரி மூக்கால் பேசினாள். பேச்சுத் தமிழ் நாக்கில் தங்கிவிட்டது. எழுத்து தங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் சிலேட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே அலைந்தேன். "இத்த படிச்சி இன்னா பண்ணப்போறேன் சின்னம்மா?" என்பாள். பத்து வயசுக்கு மேல் நானும் விட்டுவிட்டேன். உங்கள் பத்திரிகை வந்தால் படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்துவிடுவாள்.

ஆனால் அம்மா எப்படி இருப்பாங்க, அம்மா இன்னா பாட்டு பாடுவாங்க என்று மட்டும் அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுவேன்.

4

அதே பிப்ரவரியில்தான் இங்கே நிலக்கரிச் சுரங்கக்காரர்கள் ஸ்டிரைக். கரி இல்லாமல் கரண்ட் இல்லை. எந்தப் பகுதிக்கு எத்தனை மணி நேரம் இருட்டு என்று பேப்பரில் போட்டார்கள். எங்கள் வீட்டில் கரண்ட் அடுப்பு, ஆறின சோற்றைத் தின்றோம். லாண்டரியில் எல்லாரும் ஸ்டிரைக்காரர்களைத் திட்டினார்கள். வீட்டில் நான் வாயைத் திறந்தால் அவர் விடவில்லை. "அண்டர்கிரவுண்ட் எறங்கினவனப் பத்தி நீ கூடவா தப்பா பேசுவே?" என்றார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவர் வேலைக்குப் போயிருந்தார், கரண்ட் போனது. கிரேஸ் டிரங்குப் பெட்டியிலிருந்து ஸ்டவ்வை எடுத்து வந்து சமையலறை மேசைமேல் பேப்பர் விரித்து வைத்தாள். "இன்னிக்கே ட்ரை பண்ணிப் பாக்கலாம். டீ போட்டுக் குடிக்கலாம்" என்றாள்.

கிருஷ்ணாயில் வாங்கும் பொறுப்பு என்னுடையது. இந்த ஊரில் அதற்குப் பேர் பாரஃபின். அது தெரிந்துகொண்டு மருந்துக்கடைக்குப் போய்ப் பாரஃபின் என்று கேட்டேன், கடைக்காரர் ஒரு அழகான பாட்டிலைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கிரேஸ் லேபிளைப் படித்துவிட்டு, அது மலச்சிக்கலுக்குக் குடிக்கிற எண்ணெய் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஆணி, பூட்டு விற்கிற கடையில் சரியானது கிடைத்தது.

முதலில் பம்பு அசையவில்லை. பம்பின் தோல் வாஷருக்குத் தேங்காய் எண்ணெய் தடவு, ஊரில் அப்படித்தான் செய்வோம் என்று கடைக்குக் கிளம்பும்போதே பெரிய மனுஷியாக நான் சொல்லியிருந்தேன். சமையலறைக் குளிரில் எண்ணெய் மெழுகாக உறைந்து வாஷர் உள்ளேயே ஒட்டிக்கொண்டது. இந்த ஊர்க் குளிரில் தேங்காய் எண்ணெய் போட நம்ம ஊர்க்காரி ஒருத்தியால்தான் முடியும். கிரேஸ் அதை வெளியே எடுத்து, உள்ளங்கையில் வைத்து ஊதிச் சூடாக்கித் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் விட்டாள். பம்பு ஏறியது. ஸ்பிரிட்டைக் கொளுத்தினாள், காத்திருந்தாள், பம்பு அடித்தாள். மஞ்சளாக எழும்பிற்று. புகை. ஜன்னலைத் திறந்தோம். ஆறவிட்டு மறுபடி செய்தாள். மறுபடி புகை.

நான் கை கட்டிக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன்.

கிரேஸ் விடுகிற ஜாதி இல்லை. பர்னரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். நிப்பிளுக்குள், ஸ்டவ்வோடு வந்த கிருஷ்ணாயில் பின்னை விட்டுக் குத்தினாள். அப்புறம் பின்னை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"சின்னம்மா, பின் லூசா ஆடுது பாருங்க. இந்தப் பின்னுக்கு இந்த ஓட்டை பெருசு. இது பெட்ரோல் நிப்பிள். எண்ணெய் ஜாஸ்தியா வருது, அதான் புகையுது. இதுக்கு இன்னொன்னு இருந்திருக்கணும்."

ரிப்பேர்க்காரன் கண்டுபிடிக்காததை அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். "யாரு கண்டா, எங்க விழுந்துதோ" என்றேன்.

அவள் கரிக் கையோடு நாற்காலியில் சாய்ந்தாள். முகம் சுருங்கிப்போயிருந்தது. "ஒரு வாட்டியாவது இது எரியிறதப் பாக்கணும் சின்னம்மா" என்றாள். "எனக்கு அம்மா மூஞ்சி ஞாபகம் இல்ல. போட்டோல பாத்ததுதான். ஆனா ஒரே ஒன்னு மட்டும் நல்லா ஞாபகம் இருக்குது. யார் கிட்டயும் சொன்னதில்ல, அப்பா கிட்டகூட."

"இன்னாது?"

"அம்மா இந்த ஸ்டவ்வ பத்த வெப்பாங்க. நான் கீழ பலகைல உக்காந்துகினு இருப்பேன். அம்மா ஸ்டவ் கிட்ட பேசுவாங்க. வாடி ராசாத்தி, மூஞ்சக் காட்டுன்னு சொல்வாங்க. உடனே நீலமா வரும். அப்புறம் இந்தக் கரிய விரல்ல தொட்டு எனக்குப் பொட்டு வெப்பாங்க. விரல் இன்னும் சூடா இருக்கும். அவ்ளோதான்."

ஸ்டெல்லா பொட்டைத் தொட்டதே இல்லை.

அந்த ஸ்டவ்வை ஸ்டெல்லா எரித்தாள் என்று எல்லாரும் அவளிடம் சொன்னார்கள். நான் எரித்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. நிப்பிளை நான் ஒளித்த நாளிலிருந்து, என் கையால் அது எரிந்து அவள் பார்த்ததே இல்லை. குழந்தை என்ன செய்வாள்? ஞாபகத்தில் இருந்த அந்தப் பொம்பளைக்கு அம்மா என்று பெயர் வைத்துவிட்டாள். எந்த அம்மாவை நினைத்து இத்தனை வருஷம் நான் வெந்தேனோ, அவள் நான்தான். என்னை என்னிடமிருந்து பிடுங்கி ஸ்டெல்லாவிடம் கொடுத்ததும் நான்தான்.

'அது நான்டி' என்று சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தச் சிவப்பு மைக்காரனுக்கும், ஃபாரத்துக்கும், பிலோமினாக்காவுக்கும், எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில். ஒரே குச்சி.

அவள் முகத்தைப் பார்த்தேன். அம்மா என்று அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். ஸ்டெல்லாவிடமிருந்து பிடுங்க எனக்குக் கை கூசாது. கிரேஸிடமிருந்து எப்படிப் பிடுங்குவது?

மாடிக்குப் போனேன். ஜெபமாலை டப்பியைத் திறந்தேன். கீழே வந்து அவள் கையில் நிப்பிளை வைத்தேன்.

"ஐயோ! எங்க இருந்துச்சு?"

"உங்கம்மா பத்திரமா எடுத்து வெச்சிருந்தாங்க. என் சாமானோட கலந்துபோச்சு" என்றேன்.

திருகி வைத்தாள். பின்னை விட்டுப் பார்த்தாள், ஆடவில்லை. ஸ்பிரிட், காத்திருப்பு, பம்பு. "சொல்லலாமா?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, வெள்ளைக்காரி உச்சரிப்பில், "வாடி ராசாத்தி, மூஞ்சக் காட்டு" என்றாள். நீலமாகக் குப்பென்று வந்தது. அந்த இரைச்சலை நான் பதினாலு வருஷமாகக் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்காக அழுகிறோம் என்று அவள் நினைத்திருப்பாள்.

டீ குடித்து ஸ்டவ் ஆறின பிறகு, "அம்மா மாதிரி எனக்குப் பொட்டு வெய்யுங்க சின்னம்மா" என்று முகத்தை நீட்டினாள். பர்னர் ஓரத்தில் விரலைத் தொட்டேன். கை தானாகப் போய் இடது காதுக்குக் கீழே வைத்தது.

சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "எங்க வெப்பாங்கன்னு நான் சொல்லவே இல்லியே. அதே எடம். எப்டித் தெரியும்?"

"அப்பா சொன்னாரு" என்றேன்.

"அவருக்கும் ஞாபகம் இருக்குதா!" என்று சந்தோஷப்பட்டாள். சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து, அந்தப் பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துடைக்கவில்லை.

5

வேல்ஸிலிருந்து ஒரு தபால் அட்டை போட்டிருந்தாள். மழையாம், கூடாரம் ஒழுகிற்றாம், மற்றவர்கள் ஸ்டவ் எல்லாம் காற்றில் அணைந்துபோக இவளுடையது மட்டும் எரிந்ததாம். 'அம்மா மாதிரியே ஒரே குச்சி' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாள். அட்டையை மடித்து ஜெபமாலை டப்பியில், நிப்பிள் இருந்த இடத்தில் வைத்திருக்கிறேன். மனசு ஆறிவிட்டது என்று எழுதினால் உங்களுக்குப் படிக்க நன்றாக இருக்கும். ஆறவில்லை. இன்றைக்கும் ஸ்டெல்லாவின் போட்டோவைத் துடைக்கும்போது, உனக்கென்னடி, செய்யாத வேலைக்கெல்லாம் பெயர் வாங்குகிறாய் என்று சொல்லிவிட்டுத்தான் துடைக்கிறேன்.

ஊரில் யாரும் இதைக் கிரேஸுக்கு எழுதிவிடாதீர்கள். பிலோமினாக்கா, உங்களைத்தான். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன்.

அதிலும் இப்போது ஒரு சிக்கல். கூடாரத்தில் கூட இருந்த பெண்கள் உன் பெயரை உன் பாஷையில் எழுதிக் காட்டு என்று கேட்டார்களாம். இவளுக்கு எழுதத் தெரியவில்லை, வெட்கமாகப் போய்விட்டதாம். போன ஞாயிற்றுக்கிழமை அவளே சிலேட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுங்க என்றாள். ஆரம்பித்திருக்கிறோம். புத்திசாலிப் பெண், பிடித்துக்கொள்கிறாள். நான்தான் மெதுவாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.